கம்பியில்லா ஒலிவாங்கியும் மின்னேற்றும் கலமும்



கோடம்பாக்கம் என்றதும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்பு நிலையங்களே நினைவுக்கு வரும். காரைக்குடியில் இயங்கிய ஏவி.எம். நிலையம் 1948-ஆம் ஆண்டில் இங்கே குடிபெயர்ந்தது. அந்நாளில் நடிகர் பேசும்போதே குரலைப் பதிவு செய்வது வழக்கம். நீண்ட கழியொன்றின் நுனியில் ஒலிவாங்கி தொங்கும். அதன் கம்பி ஒலிப்பதிவுக் கருவி வரையில் ஓடும். பின்னாளில் படத்தை முதலில் எடுத்துவிட்டுக் குரலைப் பிறகு சேர்க்கும் முறை வலுத்தது. 2004-இல் வெளிவந்த ‘விருமாண்டி’ போன்ற சில படங்கள் மறுபடியும் நேரடி ஒலிப்பதிவை நாடின. இன்று அத்தகைய பதிவில் நடிகரின் சட்டைக்குள் சுண்டைக்காய் அளவில் ஓர் ஒலிவாங்கியும், இடுப்பில் தீப்பெட்டி போன்ற ஓர் அலைபரப்பியும் இருக்கும். கம்பி போய்விட்டது. ஆனால் கம்பி செய்துவந்த வேலையை யாராவது செய்தாக வேண்டுமே! அவ்வேலை முழுவதும் அப்பெட்டிக்குள் இருக்கும் மின்கலத்தின் தலையில் விழுந்தது.

இதனை நான் நூலில் படித்து அறிந்தேன் என்று சொல்ல இயலாது. ஆண்டுவிழா மேடையில் பட்டு அறிந்தேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் ஆண்டுவிழா கோடம்பாக்கத்தில் ஓர் அரங்கில் நடைபெற்றது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பேச வேண்டும். மெல்லிய குரலுடையவன். அவன் தந்தை படப்பிடிப்பு நிலையத்தில் விளக்குத் தூக்கும் தொழிலாளி; அன்றைய கூலியை இழந்து, மகன் பேச்சைக் கேட்க வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பையன் மூன்று வாக்கியம் பேசினான். ஒலிபெருக்கி ஊமையாயிற்று. அவன் நிறுத்தவில்லை, மனனம் செய்ததை முழுவதும் சொல்லி முடித்தான். முதல் நான்கு வரிசையினர் கேட்டனர். கடைசி வரிசையில் இருந்தவர் மகனின் உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை என்னுடையது. சிக்கனம் கருதி, மின்னேற்றும் கலங்களை நானே வாங்கி வைத்திருந்தேன். அன்று மாலை ஒலிவாங்கியில் இரண்டு கலங்களை இட்டவனும் நானே. ஒன்று அவ்வாண்டில் வாங்கியது. மற்றொன்று நான்கு ஆண்டு உழைத்தது. கருவியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. மைக்செட் அமைக்க வந்த இளைஞர் கலங்களை வெளியே எடுத்துப் பார்த்து, “புதுசையும் பழசையும் ஒண்ணாப் போட்டா, பழசு இழுத்துடும் ஐயா” என்றார். முப்பது ஆண்டு அறிவியல் கற்பித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அதன் காரணத்தைப் பார்ப்போம். நாம் கடையில் வாங்கி, தீர்ந்ததும் எறியும் காரமின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்குகிறது. அதிலுள்ள துத்தநாகம் கரையக் கரைய, அழுத்தம் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போகும். ஏறத்தாழப் பாதி வாழ்நாளில் 1.2 வோல்ட்டுக்கு வந்துவிடும். நிக்கல் உலோக ஹைட்ரைடு எனப்படும் மின்னேற்றும் கலத்தின் போக்கு வேறு. அதில் உலோகம் கரைவதில்லை. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் ஓர் உலோகக் கலவைக்குள் புகுந்து தங்குகிறது, பயன்படுத்தும்போது வெளியேறுகிறது. வரவும் போக்கும் மட்டுமே என்பதால்தான் அதனை நூற்றுக்கணக்கான முறை மீண்டும் நிரப்ப முடிகிறது. அதன் அழுத்தம் 1.2 வோல்ட்டை ஒட்டியே பெரும்பகுதி நேரம் நின்று, முடிவில் சட்டென்று சரிந்துவிடும்.

விறகடுப்பையும் எரிவாயு அடுப்பையும் எண்ணிப் பாருங்கள். விறகு தணிவதைக் கண்ணால் காணலாம். எரிவாயுவோ கடைசிவரை ஒரே நீலச் சுடராக எரிந்து, குழம்பு கொதிக்கும் வேளையில் அணைந்து போகும். விறகுக்காக அமைத்த அளவுகோலை எரிவாயுவுக்கு வைத்தால் என்ன ஆகும்? காரமின்கலத்தைக் கருதி அமைக்கப்பட்ட பச்சை விளக்கு, என் பழைய கலத்தின் அழுத்தத்தை மட்டும் பார்த்து நலம் என்றது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அது அறியாது. இரண்டு கலங்களும் தொடரிணைப்பில் இருந்தமையால் ஒரே மின்னோட்டம் இரண்டிலும் ஓடியது. கொள்ளளவு குன்றிய பழைய கலம் முதலில் தீர்ந்தது. மொத்த அழுத்தம் கருவிக்குப் போதாமற் போயிற்று. புதிய கலத்தில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தும் பயனில்லை. கைவிளக்கு போன்ற எளிய கருவியாயின் அத்துடன் நில்லாது, நல்ல கலம் தீர்ந்த கலத்தின் வழியே மின்சாரத்தை மேலும் தள்ளி அதனைக் கெடுத்தும் விடும்.

1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டா, குரல் குறையாதா என்று சிலர் ஐயுறுவர். குறையாது. காரமின்கலமும் தன் வாழ்நாளின் பிற்பாதியை 1.2-க்குக் கீழேதான் கழிக்கிறது. இரண்டு கலம் கொண்ட நல்ல அலைபரப்பி அதற்கும் ஈடுகொடுக்குமாறே அமைக்கப்படுகிறது. செவ்வக வடிவான ஒன்பது வோல்ட் கலம் மட்டும் சற்றுத் தொல்லை. அதனுள் ஆறோ ஏழோ சிறு கலங்கள் அடுக்கப்பட்டிருக்கும், ஆறாயின் 7.2, ஏழாயின் 8.4 வோல்ட். கொள்ளளவும் சிறிது. பழைய ஒலிவாங்கிகள் இதனையே கேட்டன.

மின்கலத்தால் வானொலிக்கு வந்த கவலை புதிதன்று. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பத் தொடங்கியது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் ஈயச் சேமக்கலங்களைக் கொண்டே பாடின. கலம் வற்றியதும் அதனை மின்னேற்றும் கடைக்குச் சுமந்து செல்ல வேண்டும். திரும்பும் வரையில் ஊருக்குச் செய்தி இல்லை. அச்சேமக்கலத்தை 1859-இல் கண்டவர் பிரெஞ்சு நாட்டு பிளான்டே. நான் சிறுவனாக இருந்தபோது டிரான்சிஸ்டர் பெட்டி வந்துவிட்டது. தீர்ந்த பாட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து, ஒரு பாட்டுக்காவது உயிர் வாங்குவோம். சூடு பட்டால் வேதிவினை சற்று விரையும், அவ்வளவே.

மின்னேற்றும் கலத்துக்கோ வெயில் ஆகாது. நிரம்பிய பின்னும் மின்னேற்றிக்கொண்டே இருந்தால் கலம் சூடேறி ஆயுள் குன்றும். கலம் நிரம்பும்போது அழுத்தம் மிகச் சிறிதளவு தாழும். அக்குறிப்பை உணர்ந்து தானே நின்றுவிடும் சார்ஜரே தக்கது. மலிவான சார்ஜரை வாங்கி நல்ல கலங்களைப் பாழாக்குவோரைப் பார்த்திருக்கிறேன். பழைய வகைக் கலங்கள் சும்மா கிடந்தாலும் சில வாரங்களில் கணிசமாக வற்றிவிடும். 2005-இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட வகையும் அதன் பின் வந்தவையும் மாதக்கணக்கில் தாங்குகின்றன. லித்தியம் அயனிக் கலங்கள் 1991 முதல் சந்தையில் உள்ளன. அவற்றுக்கு அடிகோலிய மூவர் 2019-இல் நோபெல் பரிசு பெற்றனர். விரற்கலத்தின் அதே உருவில் 3.7 வோல்ட் லித்தியம் கலமும் கிடைக்கிறது. உருவம் பொருந்துகிறதே என்று அதனை ஒலிவாங்கியில் இட்டால் கருவி கருகலாம்.

செலவைக் கணக்கிடுங்கள். 1.2 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் கொண்ட கலம் 2.4 வாட்-மணி ஆற்றல் கொள்ளும். இழப்பைத் தாராளமாகச் சேர்த்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் நூறு கலங்களுக்கு மேல் நிரப்பலாம். எறியும் கலமோ குப்பைத் தொட்டி வழியே கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேரும். 2022-இல் வந்த மின்கலக் கழிவு விதிகள், பயன்படுத்திய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. ஆயினும் வீட்டில் தனியே சேர்த்து வைப்பவர் இருந்தால்தானே திரும்பப் பெற முடியும்?

அவ்விழாவுக்குப் பிறகு கலங்களை இணை இணையாகப் பிரித்து, அ, ஆ, இ, ஈ என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் குறித்தேன். ஓர் இணை ஒன்றாகவே மின்னேறும், ஒன்றாகவே உழைக்கும், ஒன்றாகவே ஓய்வு பெறும். விழா நாளில் காலையில் நிரப்பிய இணை கருவியில். மற்றோர் இணை மேடைக்கருகில். அதற்கும் மேலாகப் பிரிக்காத காரமின்கலங்கள் இரண்டு என் சட்டைப் பையில். அடுத்த ஆண்டு அதே பையன் பேசினான். அவன் தந்தைக்கு அன்று இரவுப் படப்பிடிப்பு, வர இயலவில்லை. பேச்சைக் கைபேசியில் பதிந்து அவருக்கு அனுப்பிவைத்தோம்.