நொய்யலோடு போனால் கொங்கு நாடு தெரியும்

கோவை ரயில் நிலையத்தில் அதிகாலையில் வந்து இறங்கும் சுற்றுலாக் கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குள் தங்குவதில்லை. முகம் கழுவி ஒரு டீ குடித்ததும் மேட்டுப்பாளையம் பஸ்ஸையோ ஊட்டி டாக்சியையோ பிடித்துவிடுகிறார்கள். மிஞ்சிய சிலர் மருதமலை முருகனைக் கும்பிட்டு, வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 2017இல் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி சிலையின் முன் படம் எடுத்துக்கொண்டு அன்று இரவே திரும்பிவிடுவார்கள். நீலகிரியின் குளிர்ச்சியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே போகும் அவசரத்தில், இரண்டாயிரம் ஆண்டுக் கதையை வைத்திருக்கும் ஒரு நாடு பார்க்கப்படாமலே போகிறது.

கொங்கு வட்டாரத்தை நாடு என்று சொல்வது வெறும் பழக்கத்தால் அல்ல. சேர, சோழ, பாண்டிய நாடுகளுக்கு நடுவில், 24 உள்நாடுகளாகப் பிரித்து எண்ணப்பட்ட தனி மண்டலம் இது. இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களோடு சேலம், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் அதில் அடங்கும். பழைய தலைநகரம் சேரர்களின் கரூர். இன்றைக்குத் தலைநகரம் போல நிற்பது கோவை. இரண்டையும் இணைத்து ஓடுவது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. கொங்கு நாட்டைப் பார்க்க விரும்புகிறவர் இந்த ஆற்றின் போக்கிலேயே போவதுதான் சரி. ஏனென்றால் அந்தக் காலத்து வணிகர்களும் அப்படித்தான் போனார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கையில், பாலக்காட்டில் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான திறப்பு ஒன்று இருக்கிறது. அரபிக்கடல் பக்கம் முசிறித் துறையில் இறங்கிய ரோமானியப் பொன்னும் வெள்ளியும் அதன் வழியே உள்நாட்டுக்கு வந்தன. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகில் இந்த வழியின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு பாறையிலேயே இருக்கிறது: இராசகேசரிப் பெருவழி. அதை வெட்டச் செய்தவன் முதலாம் ஆதித்த சோழன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இரண்டு விதமாக அதைப் பொறித்திருக்கிறார்கள். மலைக்கு இரு பக்கத்து ஆட்களும் வந்து போன வழி என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில், இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட வெள்ளலூரில், 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் முகங்கள். வெள்ளலூர் என்றால் குப்பைக்கிடங்கு மட்டுமே நினைவுக்கு வரும் கோவைக்காரர்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பெருவழியில் வந்தவர்கள் பேரூரைத் தவிர்த்துப் போயிருக்க முடியாது. நொய்யல் கரையில் இருக்கும் பட்டீசுவரர் கோயிலை மேலைச் சிதம்பரம் என்பார்கள். பலரும் மூலவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கனகசபைக்குள் நிதானமாக ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய மண்டபம் அது. தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஊர்த்துவ தாண்டவரும், யானையை உரித்து அதன் தோலைத் தலைக்குப் பின்னே விரித்துப் பிடித்த கஜசம்ஹாரரும், வீரபத்திரரும் நிற்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்பக்கத்தில் தெரியாத நரம்புப் புடைப்பும் நகங்களும்கூடத் தெரியும். அண்ணாந்தால் விதானத்திலிருந்து கற்சங்கிலிகள் தொங்குகின்றன. ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாகக் குடைந்து எடுத்தவை. உளி ஒரு இடத்தில் தவறியிருந்தாலும் மொத்த வேலையும் வீணாகியிருக்கும்.

இதே கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சுந்தரர் பொருள் கேட்டு வருவதை அறிந்த சிவன், பார்வதியோடு வயலில் இறங்கி நாற்று நடும் கூலியாளாக ஒளிந்துகொண்டாராம். நந்தி கண்ணால் காட்டிக்கொடுத்துவிட, மண்வெட்டியால் அதன் தாடையில் ஓர் அடி விழுந்ததாம். தலபுராணம் அப்படிச் சொல்கிறது. கடவுளையே சேற்றில் இறக்கிய கதை வேளாண்மையை உயிராகக் கொண்ட ஒரு நாட்டில்தான் பிறக்கும். வயலில் நாற்று நட்டுக் கொண்டாடும் அந்த நாளில் பேரூர் முழுக்கக் குடியானவர் வீட்டு விசேஷம் போலாகிவிடும்.

கோவை நகரம் வயதில் இளையது. 1804இல் மாவட்டத் தலைநகரானது, 1866இல் நகராட்சியானது, 1888இல் ஸ்டேன்ஸ் என்ற தொழிலதிபர் தொடங்கிய நூற்பாலையோடு மில் ஊரானது. நகரின் காவல் தெய்வம் கோனியம்மனுக்கு மாசியில் தேர் ஓடும்போது கடைவீதிகள் நெரியும். 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம், நாட்டின் கரும்பு வயல்களையே மாற்றிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் (1912), ஜி.டி. நாயுடுவின் பெயரோடு சேர்ந்த கார் அருங்காட்சியகம் என்று அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இங்கே நல்ல தீனி உண்டு. காலையில் சந்தகை, மதியம் நெய் ஊற்றிய அரிசிம்பருப்பு சாதம் என்று வயிற்றுக்கும் குறை வராது.

கிழக்கே அவிநாசி. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்ட தலம். கொங்கின் பாடல் பெற்ற ஏழு தலங்களில் ஒன்று. சித்திரைத் தேரோட்டத்தில் அந்தப் பெருந்தேர் அசைந்து கிளம்பும்போது கூட்டத்தின் குரலில் தெரு அதிரும். அடுத்திருக்கும் திருமுருகன்பூண்டியும் பாடல் பெற்றதே. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளை வேடர்கள் வழிப்பறி செய்ய, சுந்தரர் சிவனிடம் சண்டை போட்ட இடம். வழிப்பறிக் கதை பிறக்கும் அளவுக்குப் பொருள் நடமாடிய பாதை இது என்று எண்ணத் தோன்றுகிறது. இன்று பூண்டியின் சாலையோரப் பட்டறைகளில் சிற்பிகள் கோயில்களுக்கான சிலைகளைச் செதுக்குகிறார்கள். நின்று பார்த்தால் யாரும் விரட்டுவதில்லை.

திருப்பூரைத் தாண்டியதும் மனம் கனக்கிறது. பனியன் ஊர் வளர்ந்த வேகத்தில் சாயக்கழிவு முழுவதும் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கி, கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியேவிடும் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுற்றுலா பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கொங்கின் மிக முக்கியமான பழைய ஊர் அந்த அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் பதில்.

அந்த ஊர் கொடுமணல். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற கொடுமணம் என்று சொல்வது இதைத்தான். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் தோண்டத் தொடங்கியபோது இரும்பை உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும், தமிழி எனப்படும் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் வரிசையாக வெளிவந்தன. படிகம், சூதுபவளம், பச்சை நிறப் பெரில் என்று மணிகளில் அத்தனை வகை. முடிந்த மணி, பாதியில் உடைந்த மணி, துளையிடாத மணி என எல்லா நிலையிலும் கிடைத்ததால் இங்கேயே செய்தார்கள் என்பது உறுதியானது. பெரில் கல்லுக்குக் காங்கேயம் பக்கத்துப் படியூர் பெயர்போனது. ரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பி அணிந்த கல் அது.

இன்று கொடுமணலுக்குப் போகிறவர் அரண்மனையை எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வுக்குழிகளை மூடிவிட்டார்கள். ஆனால் கல்வட்டங்கள் சூழ்ந்த ஈமக்காடு இருக்கிறது, பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. கிடைத்த பொருள்களை அந்த ஊரிலேயே காட்சிக்கு வைக்கும் ஒரு நல்ல கூடம் வேண்டும். கீழடிக்கு அப்படி ஒன்று அமைந்த பிறகு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, கொடுமணலுக்கும் அந்தத் தகுதி உண்டு.

இந்த வட்டாரத்தில் விலகிப் போய்ப் பார்க்க நிறைய இருக்கிறது. சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் சொல்லும் பொருளைப் பூக்கேட்டு உறுதிசெய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மஞ்சளோ மண்ணோ தண்ணீரோ, அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். அந்தப் பொருளை வைத்து நாட்டு நடப்பைக் கணிப்பது காங்கேயம் பக்கத்து டீக்கடைகளில் வழக்கமான பேச்சு. அரச்சலூர் நாகமலைக் குகையில் தமிழி எழுத்தில் தாளச் சொற்களைக் கட்டம்கட்டிப் பொறித்திருக்கிறார்கள். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் ஒன்றே. புலவர் செ. இராசு கண்டறிந்து உலகுக்குச் சொன்னது அது. விஜயமங்கலத்தில் நெட்டைக் கோபுரம் என்று ஊரார் சொல்லும் சமணக் கோயில். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயனின் தங்கை புல்லியப்பை நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல் அங்கே இருக்கிறது.

வடக்கே பவானி கூடுதுறை. 1804இல் மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ, வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் அவர் கையெழுத்தோடு இன்னும் இருக்கிறது. அதே பவானியில் புறப்படும் காலிங்கராயன் வாய்க்காலைச் சுற்றுலா இடமாக யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். 1283இல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் அந்த வாய்க்கால், மேட்டையும் பள்ளத்தையும் அனுசரித்துப் பாம்பாக வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலில் சேர்கிறது. அதன் கரையில் மஞ்சளும் வாழையும் இன்றைக்கும் அதே தண்ணீரில் விளைகின்றன.

நொய்யல் காவிரியில் கலந்த பிறகு கரூர் தொலைவில்லை. வழியில் வேலாயுதம்பாளையத்தில் புகழூர் ஆறுநாட்டான்மலை. உச்சியில் முருகன் கோயில், பாதி மலையில் சமணர் குகைகள். செங்காயபன் என்ற துறவிக்குச் சேர இளவரசன் இளங்கடுங்கோ படுக்கை வெட்டிக் கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறை இரும்பொறைகளின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு ஐராவதம் மகாதேவன் போன்றோர் இவர்களைப் பொருத்திப் பார்த்தார்கள். ஏட்டில் இருந்த மன்னர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது.

கரூரில் சேரர் அரண்மனை என்று காட்ட எதுவும் இல்லை. பசுபதீசுவரர் கோயில் இருக்கிறது, அமராவதி ஆறு இருக்கிறது. ஆனால் அந்த ஆற்று மணலிலிருந்துதான் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயரும் முகமும் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் வந்தன. வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசின் சாயலில், உள்ளூர் மன்னன் தன் முகத்தைப் பொறித்துக்கொண்டிருக்கிறான். சேரர் தலைநகரான வஞ்சி என்பது இந்தக் கரூரா, கேரளத்துக் கொடுங்கல்லூரா என்ற வழக்கில் கரூரின் பக்கத்தை வலுவாக்கியதில் இந்தக் காசுகளுக்கும் புகழூர்க் கல்லுக்கும் பெரும்பங்கு உண்டு.

கோவையில் தொடங்கி மூன்று நாள் ஒதுக்கினால் இந்த வழியை நிதானமாகப் பார்த்துவிடலாம். முதல் நாள் பேரூரும் நகரமும், இரண்டாம் நாள் அவிநாசி தொடங்கி கொடுமணல் வரை, மூன்றாம் நாள் பவானியும் கரூரும். காந்திபுரத்திலிருந்து பேரூருக்கும் அவிநாசிக்கும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கொடுமணலுக்கும் அரச்சலூர் மலைக்கும் சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால் நல்லது. புகழூர் மலையில் வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை பயணத்துக்குத் தோதான பருவம். ஆனி நாற்று நடவைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அதற்கேற்பத் தேதியைக் கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.