மனை வாங்கும் முன் பள்ளிக்கரணையை நினையுங்கள்
தென்சென்னையில் மனை பார்க்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவும். சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக் கழுவெளியில்தான் தேங்கும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக மெல்லக் கோவளத்தில் கடல் சேரும். பெருமழையைத் தாங்குவதும் கோடையில் நிலத்தடி நீரைக் காப்பதும் அதுவே. அதன் பெரும்பகுதியைக் குப்பைமேடாகவும் ஐ.டி. கட்டடங்களாகவும் ஆக்கிவிட்டோம் (நம் வீட்டுக் குப்பையும் அதில் உண்டு). 2015 டிசம்பரில் வேளச்சேரி மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமானது. ஆனால் குப்பை மாநகராட்சியிடம், சதுப்பு வனத்துறையிடம், ஏரி நீர்வளத்துறையிடம், கட்டட அனுமதி சி.எம்.டி.ஏ.யிடம். ஒருவர் காப்பது இன்னொருவர் கையெழுத்தில் போய்விடுகிறது. ஆகவே பட்டாவைப் பார்த்ததோடு நிற்காதீர்கள். தாலுகா அலுவலகத்தின் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாட்டையும் பாருங்கள்.