தொட்டிச் செடிக்குத் தண்ணீர் எப்போது?

வீட்டுக்குள் வைத்த செடி கொஞ்சம் வாடினாலும் உடனே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். ஆனால், புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் வீட்டில் தாகத்தால் சாகும் செடிகளைவிட, தண்ணீர் மிகுந்து சாகும் செடிகளே அதிகம்.

காரணம் எளிது. வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. தினமும் ஊற்றினால் அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்துவிடும். தண்ணீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது. அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினால், பிறகு காப்பாற்றுவது கடினம்.

எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் என்பதை அதன் பூர்விகம் சொல்லும். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகாமல் இருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் இசட்இசட் செடி, மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேமிக்கும். இரண்டுக்கும் மண் முழுதும் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பீஸ் லில்லி அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மர நிழலில் வளர்வது. அதற்கு மண் லேசான ஈரத்துடன் இருக்க வேண்டும். பசிபிக் தீவான மோரியாவிலிருந்து வந்த மணி பிளான்ட்டுக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றலாம்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். உச்சிவெயிலின் ஒளி அளவு சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் மூலையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ஒளி குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். நீர்த் தேவையும் குறையும். எனவே இருட்டான மூலையில் உள்ள செடிக்கு இன்னும் தாமதமாகவே ஊற்ற வேண்டும்.

தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு ஈரம் பாருங்கள். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: மணி பிளான்ட், பீஸ் லில்லி, இசட்இசட் மூன்றிலும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீடுகளில் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள்.