மாத்திரைக்கும் ஒரு குதிர்

2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைமீறிச் சென்னை நகரத்து வீதிகளுக்குள் புகுந்தபோது, மாடியில் ஒதுங்கி நின்றவர்களுக்கு அண்டை வீட்டார் சோறும் பாலும் பங்கிட்டுக் கொடுக்க முடிந்தது. ஆனால் ஒருவருக்கென்று வைத்தியர் எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குப் பங்கிட்டுக் கொடுக்க எவராலும் இயலாது. பசியை ஊரார் தீர்க்கலாம், நித்திய மருந்துக்கோ அவரவர் வீட்டு டப்பாவே கதி என்னும் இந்தச் சாதாரண உண்மையை, ஆபத்து வாசலில் வந்து நின்ற பிறகே நம்மில் பலர் உணர்கிறோம்.

தட்டுப்பாடு வரும் வழிகள்

வெள்ளம் ஒரு வழி. பீதி மற்றொரு வழி. 2020 மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றைத் தடுக்கும் பொருட்டுச் சுகாதாரப் பணியாளர் முதலிய சிலருக்கு மட்டும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை பரிந்துரைக்கப்பட, அதைக் கேள்வியுற்ற பொதுஜனங்களும் தேவையின்றி வாங்கிக் குவித்ததன் பலனாக, முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அதனையே நாள்தோறும் உட்கொண்டு வந்தவர்கள் கடை கடையாக ஏறி இறங்க நேர்ந்தது. மத்திய அரசாங்கம் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது வழி பொருளாதாரம்: மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இலங்கையில், 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருத்துவமனைகளின் மருந்து அலமாரிகளும் வற்றின.

கையிருப்பு வேறு, பதுக்கல் வேறு. தனக்கு எழுதப்பட்ட மருந்தில் சில வார அளவை, தட்டுப்பாடில்லாத நாளில் சிறிது சிறிதாக ஒதுக்கிவைப்பது விவேகம். தட்டுப்பாடு வந்த நாளில் கடையைத் துடைத்து வாரிக்கொண்டு வருவது, பிறன் உயிர்மருந்தைப் பறிப்பது.

எதற்கு முதலிடம்?

எல்லா மருந்தும் ஒரே தன்மையன அல்ல. தைராய்டு குறைவுக்குரிய மாத்திரையின் சத்து இரத்தத்தில் பல நாட்கள் தங்கியிருப்பதால், ஒருநாள் தவறினாலும் உடனே பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் வலிப்பு நோய்க்குரிய மருந்து திடீரென்று நின்றால் ஓயாத வலிப்பும், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இரத்தம் உறையாமைக்குரிய மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பும், நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவர் அதனைச் சட்டென்று விட்டால் உயிருக்கே அபாயமான தளர்ச்சியும் நேரக்கூடும். இன்சுலினையே நம்பியிருப்பவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? உங்கள் மருந்து எவ்வகையைச் சேர்ந்தது என்று வைத்தியரிடம் கேட்டறிவதே முதற்காரியம்.

ஐந்து நாள் கணக்கு

மாதந்தோறும் 30 நாள் மருந்து வாங்குகிறவர், 25ஆம் நாளிலேயே அடுத்த தவணையை வாங்கிவிட்டால் 5 நாள் மருந்து மிஞ்சும். மூன்று முறை இவ்வாறு செய்தால் பணப்பையும் அறியாமல் 15 நாள் கையிருப்பு சேர்ந்துவிடும். அரசாங்க மருத்துவமனையில் கணக்காக எண்ணி வாங்குகிறவர்கள், தங்கள் நிலைமையைச் சொல்லி வைத்தியரிடமே வழி கேட்கலாம். வேளை தவறவிட்டோ, மாத்திரையைப் பாதியாக்கியோ மிச்சம் பிடிப்பது மட்டும் கூடவே கூடாது. நாளைய நோய்க்கு அஞ்சி இன்றைய நோயை வளர்ப்பதாகும் அது.

கத்தரிக்கோலும் காலாவதியும்

பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால், கடைக்காரர் கத்தரிக்கோலால் நறுக்கித் தருகிறார்; காலாவதித் தேதி அச்சிட்ட ஓரமோ பல சமயம் கடையிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் சேமிப்புக்குரியதை முழு அட்டையாகவே வாங்க வேண்டும். நம் முன்னோர் நெல் கொட்டிவைத்த குதிரின் அடியிலே ஒரு சிறு துவாரம் உண்டு. மேலே புதுநெல் விழ, கீழே பழைய நெல் முதலில் வெளிவரும். மாத்திரை டப்பாவுக்கும் அதே நியாயந்தான்: புதிதாக வாங்கியதைப் பின்னே வைத்துப் பழையதை முதலில் உண்டுவந்தால், கையிருப்பு என்றும் குறையாது, கெட்டும் போகாது.

அடுப்பங்கரையின் வெப்பமும் குளியலறையின் ஈரமும் மருந்துக்குப் பகை. திறவாத இன்சுலின் புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், உறையவிடாமல் காக்க வேண்டும். மின்சாரம் நின்ற நாட்களில் ஈரமண்பானை கைகொடுக்கும்.

சேர்க்கலாகாதவை

சுயமாக உட்கொள்ளும் உத்தேசத்துடன் ஆன்டிபயாடிக்கையோ, தூக்க மாத்திரையையோ சேர்த்துவைத்தல் ஆகாது. வைத்தியர் அளவை மாற்றிய அன்றே பழைய அளவு மாத்திரைகளை டப்பாவிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும்.

மருந்துச்சீட்டின் பிரதியொன்றை, நீர் புகாத பிளாஸ்டிக் உறையிலிட்டு மருந்து டப்பாவிலேயே வையுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் விளக்கணைந்த வீட்டில் இருட்டிலே தடவினாலும் உங்கள் கைக்கு அகப்படும் இடத்தில் அந்த டப்பா இருக்கட்டும்.