முதுமையின் கணக்கில் மறையும் தசைநோய்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை என்று சொன்னால், வீட்டார் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். படியிறங்கும்போது முழங்கால் மடங்கி அவர் விழுந்தாலும் விளக்கம் அதுவே. நாமும் அவ்வாறே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் விரல்களை மடக்கும் தசைகளும் தொடையின் முன்தசைகளும் ஒருசேர, அதுவும் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் மெலிந்து வருமாயின், அதற்கெனத் தனியொரு நோய்ப்பெயர் இருக்கிறது: இன்குளூஷன் பாடி மயோசைட்டிஸ். முதியோருக்கு வரும் அழற்சித் தசைநோய்களில் முதன்மையான இது, ஆண்களையே அதிகம் தாக்குகிறது.

1967இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ், இத்தகைய நோயாளி ஒருவரின் தசையில் வைரஸை ஒத்த இழைகள் காணப்பட்டன. 1971இல் யூனிஸ், சமாஹா என்ற இரு ஆய்வாளர்கள் இப்பெயரைச் சூட்டினர். வைரஸ் நிரூபிக்கப்படவில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

அதன்பின் எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை. தசையிழைகளைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்களான டி-செல்கள் குழுமி, உள்ளே ஊடுருவுகின்றன. அதே இழைகளுக்குள் விளிம்புகட்டிய வெற்றிடங்களும், சிதைந்த புரதத் திரள்களும் உள்ளன. அழற்சி சிதைவைப் பிறப்பிக்கிறதா, சிதைவு அழற்சியை அழைத்துவருகிறதா? 2013இல் பாஸ்டனிலும் நெதர்லாந்திலும் இயங்கிய இரு குழுக்கள், தசையிலுள்ள ஒரு நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் பல நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதைத் தனித்தனியே கண்டறிந்தன. இது அழற்சிக் கட்சிக்கு வலுவூட்டியது. ஆயினும் பிற அழற்சி நோய்களைத் தணிக்கும் ஸ்டீராய்டு இங்கே பயன் தருவதில்லை. தாக்கும் டி-செல்கள் முற்றிலும் முதிர்ந்து, அம்மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன என்பது ஓர் விளக்கம். நமக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது சான்றாகாது.

மருந்துச் சோதனைகளின் வரலாறு ஏமாற்றம் நிறைந்தது. தசையை வளர்க்கும் பிமாக்ருமாப் 251 பேரிடம் சோதிக்கப்பட்டது. ஆறு நிமிட நடைத் தூரம் கூடவில்லை என 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. புரதத் திரள்களைக் குறிவைத்த அரிமோக்ளோமாலும் பயனற்றதெனத் தெரியவந்தது. பிரான்சில் 44 பேரிடம் நடந்த சிரோலிமஸ் சோதனை முதன்மை இலக்கைத் தவறவிட்டாலும், நடைத்தூரம் போன்ற சில அளவைகளில் நோயின் வேகம் குறைந்ததாகக் காட்டியது. எனவே அம்மருந்தைப் பெரிய சோதனைக்கு எடுத்துச் சென்றுள்ளனர்.

நோய் சரியாக அறியப்படும் முன் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவ்வாண்டுகளில் பாலிமயோசைட்டிஸ் எனக் கருதி வீணே ஸ்டீராய்டு உண்டவர்கள் ஏராளம். தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் ஐயம் தீரும். விழுங்குதல் தடுமாறினால் உணவின் பதத்தை மாற்றவும், புரையேறாது விழுங்கும் முறையைக் கற்கவும் வழியுண்டு. மருத்துவரின் வழிகாட்டலில் மிதமாகச் செய்யும் உடற்பயிற்சி தசையைக் கெடுப்பதில்லை என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.