டேங்க்குக்குள் ஒரு துரு

பழைய யெஸ்டியும் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். இன்றும் அவற்றைத் தேடிப்பிடித்து வாங்க ஆள் இருக்கிறது. வருபவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பவர் குறைவு. வெளியே பளபளக்கும் டேங்க் உள்ளே காவி பூத்துக் கிடக்கலாம்.

பாதி காலியான டேங்க்குக்குள் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து துளியாகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கிவிடும். சேணம் மாதிரி உட்காரும் டேங்க்குக்கு இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு, பெட்ரோல் டேப் இருப்பதோ பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மறுபக்கத்துத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் வேறு. ரிசர்வில் போட்டதும் வண்டி திணறி நிற்கிறதா? ரிசர்வ் டேப் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சுகிறது. அங்கே கிடக்கும் துருப்பொடியும் தண்ணீரும் கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித்துளைக்கு வந்து சேருகின்றன.

கசிகிற இடத்தில் எம்-சீல் அப்பி ஓட்டுவது ஊருக்கு ஊர் நடப்பதுதான். வீடுபோய்ச் சேர அது உதவும். உள்ளே அரிப்பு நிற்காது.

வெல்டிங் வைக்கலாமே என்றால், அங்கேதான் ஆபத்து. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் மோசமானது. பெட்ரோலை வடித்துவிட்டாலும் ஆவி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அனுபவமுள்ள பட்டறைகளில் டேங்க்கைப் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் நெருப்பைக் காட்டுவார்கள். வீட்டு வாசலில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

துருவை எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. யெஸ்டி போல ஆயில் கலந்து ஊற்றும் வண்டியென்றால் முதலில் சோப்புத்தூள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். பிசுக்கின் மேல் அமிலம் வேலை செய்யாது. பிறகு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் செதில் துரு உதிரும். எத்தனை போட்டோம், எத்தனை வந்தன என்று எண்ணிக்கொள்வது நல்லது. மிச்சத் துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஓரிரு நாள் ஊறவிடலாம். கழிவறை ஆசிட்டை ஊற்றுவோரும் உண்டு. அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். தகடே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்.

ஊறியதைக் கொட்டியதும் சமையல் சோடா கரைத்த நீரால் அலச வேண்டும். ஈர இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி செம்மஞ்சளாகத் தொடங்கும் என்பதால் உடனே ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி வடித்து, அதன் ஆவி முழுக்கப் போனபின் வெயிலில் காயவைக்க வேண்டும். அதன்மேல் எபாக்ஸி பூச்சு கொடுப்பதானால் எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். தாங்காதது உரிந்து, துரு அடைத்த அதே ஜெட்டை அடைக்கும். டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஐம்பது, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்ணாடி மாதிரி ஃபில்டர் ஒன்றை மாட்டினால், உள்ளே இன்னும் எவ்வளவு பொடி இருக்கிறதென்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.