"சாரி" என்றால் மன்னிப்பா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை. எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள் கையில் ஒரு கவருடன் வாசலில் வந்து நின்றார். அவருடைய ஒரே மகன் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்த்து வந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பினால் அங்கேயே காலமாகிவிட்டார். அவருடைய மேலதிகாரி தம் கைப்பட எழுதியனுப்பிய கடிதம் அது.

"மகள் வயிற்றுப் பேரன் படித்துச் சொன்னான், தம்பி. அந்தத் துரை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாராம். எதற்காகக் கேட்கிறார்? என் பிள்ளை போனதில் அவருக்கு ஏதாவது பங்கு உண்டா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. இரண்டு இரவுகளாக அவர் கண் மூடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். "ஐ ஆம் ஸோ சாரி" என்று ஆரம்பித்திருந்தது. பேரனைக் குற்றம் சொல்வதற்கில்லை. பஸ்ஸில் பிறர் காலை மிதித்துவிட்டால் நாம் சொல்லும் சொல்லும் "சாரி"தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆங்கிலேயர் எழுதும் சொல்லும் "சாரி"தான். முதலாவது மன்னிப்பு, இரண்டாவது துக்கம். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு முதல் அர்த்தம் மட்டுமே பழக்கம்.

புண்ணிலிருந்து பிறந்த சொல்

இந்தச் சொல்லின் பூர்வோத்தரம் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் புண்ணுக்கும் வலிக்கும் "சார்" என்று பெயர். அதுதான் இன்று "சோர்" என்று வழங்குகிறது. அதிலிருந்து கிளைத்ததே "சாரி". ஆகவே "ஐ ஆம் சாரி" என்பவர் ஆதியில் சொன்னது, "எனக்கு வலிக்கிறது" என்பதுதான். மன்னிப்புக் கேட்பது பின்னால் ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

"ஸாரோ" என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பு என்று பலர் நினைப்பதுண்டு. அது வேறு குடும்பம். கவலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான "ஸோர்கே"தான் அதற்கு உறவு.

நம் தமிழிலும் இதே கதை உண்டு. "வருந்துகிறேன்" என்று தவறு செய்தவனும் சொல்கிறான். துக்கம் விசாரிக்க வந்தவனும் சொல்கிறான். இன்னும் ஒன்று: "அனுதாபம்" என்ற சொல்லை நாம் பிறர் துயரில் பங்குகொள்வதற்குச் சொல்கிறோம். சம்ஸ்கிருதத்தில் அதற்குச் செய்ததை எண்ணி வருந்துதல், பச்சாத்தாபம் என்பதே பொருள்!

பாரமும் பறிப்பும்

ஆங்கிலத்தின் மற்றத் துக்கச் சொற்களைப் பார்த்தால், அவை நம் வீட்டுப் பேச்சுக்கு எவ்வளவு நெருக்கமாயிருக்கின்றன என்று வியப்பு உண்டாகிறது.

"கிரீஃப்" என்பது கனம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழியே வந்தது. நாமும் "நெஞ்சு பாரமாயிருக்கிறது" என்கிறோம். "ஆங்க்விஷ்" என்பது குறுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நாமும் "நெஞ்சை அடைக்கிறது" என்கிறோம். "பிரீவ்ட்" என்றால் உறவினரை இழந்தவர். அதன் பழைய அர்த்தம் கொள்ளையிடப்பட்டவர் என்பது. "பிள்ளையைப் பறிகொடுத்தவள்" என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதுதானே! "கண்டோலன்ஸ்" என்பது சேர்ந்து வலிப்படுதல்.

"விடோ" என்ற ஆங்கிலச் சொல்லும் "விதவா" என்ற சம்ஸ்கிருதச் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழிநூலாரின் முடிவு. கணவனை இழந்தவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெற்றோரை இழந்த குழந்தைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் பிள்ளையை இழந்த தாய்க்கு அங்கே தனிப் பெயர் இல்லை. புத்திர சோகம் என்று சோகத்துக்குப் பெயர் வைத்த நாமும் அந்தத் தாய்க்கு ஒற்றைச் சொல்லில் பெயர் வைக்கவில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இன்று ஏராளம். ஆங்கிலத்தில் அனுதாபக் கடிதம் எழுத வேண்டிய சமயம் யாருக்கும் வரலாம். நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் சில உண்டு. "ஹார்ட்ஃபுல் கண்டோலன்ஸஸ்" என்று எழுதுகிறோம். "ஹார்ட்ஃபெல்ட்" என்பதே சரி. இறந்தவரை "எக்ஸ்பயர்ட்" என்கிறோம். இக்காலத்து ஆங்கிலேயர் காதில் அது லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் காலாவதியானதைப் போல ஒலிக்கும். "டைட்" என்று நேராகவோ, "பாஸ்ட் அவே" என்று மென்மையாகவோ எழுதலாம்.

செல்போனில் "ஆர்.ஐ.பி." என்று மூன்றெழுத்தைத் தட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்களும் உண்டு. "அமைதியில் இளைப்பாறுக" என்னும் கிறிஸ்தவப் பிரார்த்தனையின் லத்தீன் முதலெழுத்துகள் அவை. ஆங்கிலத்திலும் அதே மூன்றெழுத்தாக அமைந்தது தற்செயலே. பிரார்த்தனையைச் சுருக்கலாம், ஆறுதலைச் சுருக்கலாமா?

"இந்த மட்டும் கஷ்டப்படாமல் போனாரே", "உங்கள் மனம் எனக்குத் தெரியும்" என்பன போன்ற வாசகங்களையும் தவிர்ப்பது நலம். புண்பட்டவர் மனம் புண்பட்டவருக்கே தெரியும். அதைவிட, இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு சிறு விஷயத்தை எழுதினால் போதும். அது வேறு யாரும் எழுத முடியாத ஆறுதல்.

பேரன் படிக்காத வரி

அந்த இங்கிலாந்து அதிகாரி அதைத்தான் செய்திருந்தார். "சாரி"யிலேயே பயந்துபோன பேரன், மேலே படித்துச் சொல்லவில்லை. நான் படித்தேன்:

"வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் மகன் வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுவருவார். எனக்கும் ஒரு பங்கு வைப்பார். 'இது என் அம்மா சொல்லிக்கொடுத்தது' என்பார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் யாரும் அவருடைய மேஜைப் பக்கம் போவதில்லை."

அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவனாகவா செய்தான்? இங்கே இருந்தவரைக்கும் அடுப்படிப் பக்கமே வராத பிள்ளையாயிற்றே. போனில் கேட்டுக் கேட்டுச் செய்தானே, அதுவா!" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை படி, தம்பி" என்றார். படித்தேன்.

"அந்தத் துரைக்குப் பதில் எழுத வேண்டும். 'என் பிள்ளை கொடுத்ததை நீங்கள் சாப்பிட்டீர்களே, அது எனக்குப் போதும்' என்று எழுது" என்றார்.

அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். அவ்வளவும் சின்னச் சின்னச் சொற்கள். எதற்கும் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.